யன்னல் துடைத்தவளின் கல்வெட்டு

ஆசிரியர் தம்முடைய பத்திரிகையை இஸ்திரிப் பலகையில் வைத்துத்தான் மடிப்பார். இத்தாலியின் பலெர்மோ நகரில், ஓய்வுபெற்ற ஒரு சட்டத்தரணியின் வீட்டில், உடுப்புத் தோய்க்கிற சின்ன அறைக்குள், பிற்பகல் கிழவர் கண்ணயர்ந்த பிறகு அந்தப் பலகை விரியும். வியா மக்வேதாத் தெருவின் பின்புறத்துக் கடையில் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வந்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவில் மடித்து, மடிப்பின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒருமுறை ஓட்டுவார். எட்டுப் பக்கமும் படிந்து அடங்கிவிடும். நான் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து, மடித்தவற்றை அடுக்குவேன். அவர் கை வேலை செய்ய, வாய் தம் கவிதையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கும். நடுவில் கிழவரின் கைமணி கேட்கும். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார். கிழவரைத் தூக்கி, துடைத்து, உடுப்பு மாற்றி, தலையணையைச் சரிசெய்து, கை கழுவிக்கொண்டு திரும்பி வந்து, விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து வாசிப்பைத் தொடர்வார். ஒரு சொல் பிசகியதை நான் கண்டதில்லை.

அந்த மனிதருக்குப் போன மாதம் எங்கள் கோயில் பங்கு மண்டபத்தில் விழா எடுத்தார்கள். ஆளுயரப் படம், அதற்கு மாலை, படத்தின் கீழே 'மக்கள் கவிஞர்' என்று தங்க எழுத்து. அவருடைய கவிதைகளைத் திரட்டிப் புத்தகமும் போட்டார்கள். அந்த விழாவில் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "கோபம் ஆறின பிறகு எழுதுங்கோ அம்மா" என்று என் மகன் சொன்னான். ஆறின கோபமும் ஆறின தோசையும் ஒன்று; ஒருவரும் தொடமாட்டார்கள். அதனால் சுடச்சுடவே எழுதுகிறேன்.

ஆசிரியர் என்று நாங்கள் எல்லாரும் கூப்பிட்டாலும் அவர் பள்ளிக்கூடம் எதிலும் படிப்பித்தவர் அல்லர். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மாவும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவர். போர்க்காலத்தில் புறப்பட்டு, எப்படியோ இந்த ஊரில் வந்து இறங்கினார். வந்த வழியைக் கேட்டால், "கடலுக்குக் கால் தடம் இல்லை" என்று முடித்துவிடுவார். இங்கே எங்கள் எல்லாருக்கும் கிடைத்த வேலைதான் அவருக்கும் கிடைத்தது: அடுத்தவர் வீட்டைத் துடைப்பது, அடுத்தவர் வீட்டுக் கிழடுகளைப் பார்ப்பது. அந்த வேலைக்கு நடுவே, மாதம் தவறாமல், ஒற்றை ஆளாகத் தமிழ்ப் பத்திரிகை நடத்தினார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க என்ன கடதாசி வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது, ஊரில் எந்த வீதி திறந்தது, யார் பிறந்தார், யார் இறந்தார் எல்லாம் அதில் வரும். கடைசிப் பக்கத்தில் அவருடைய கவிதை.

நான் அவரைச் சந்தித்தது அல்பெர்கேரியாப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டில். நான் படி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பத்திரிகைக் கட்டோடு ஏற வந்து, ஈரம் காயட்டும் என்று கீழேயே நின்றார். நின்றவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏறுங்கோ அண்ணை. துடைச்ச படியிலை ஊத்தை ஏறும், நிண்ட காலிலை நோவு ஏறும். ஏதாவது ஒண்டு ஏறத்தானே போகுது" என்றேன்.

அவர் ஏறவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, கட்டின் மேல்தாள் ஓரத்தில் எழுதினார். "இது ஆர் சொன்ன சொல்லு?"

"என்ரை மாமியார் சொல்லுவா. நான் கொஞ்சம் திருத்தினனான்."

"உங்கடை பேர் என்ன தங்கச்சி?"

அடுத்த மாதம் அந்த வாசகம் பத்திரிகையில் வந்தது. கீழே என் பெயர். மன்னாரில் எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். என் பெயர் அச்சில் வந்த இடங்கள் அதுவரைக்கும் இரண்டு: ஞானஸ்நானப் பத்திரம், கடவுச்சீட்டு. அன்றிலிருந்து மாதம் ஐந்தாறு வாசகங்கள் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை ஆனது. சனம் பல்லாரோ சந்தையில் மீன் பேரம் பேசும்போது சொல்வது, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்து வரிசையில் நின்று கால் கடுக்கும்போது சொல்வது, பூசை முடிந்து கோயில் வாசலில் சொல்வது. கேட்டுக் கேட்டு எழுதியே எனக்கு எழுத்து வந்தது. எழுதுகிறவருக்கு மாதம் இரண்டு பிரதி தருவார் ஆசிரியர். "ஒண்டு வாசிக்க, ஒண்டு வைச்சிருக்க" என்பார்.

அவருடைய சட்டங்கள் சில. "வடிவா எழுதிறது பிறகு. முதல் ஆர், எங்கை, என்ன நடந்தது." "தலைப்புப் பெரிசெண்டால் செய்தி சின்னன்." "கவிதைக்கும் விலாசம் வேணும்." எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "செத்த ஆளைப் பற்றிப் பொய் எழுதக் கூடாது. அந்த ஆளாலை வந்து திருத்த ஏலாது."

இந்தக் கடைசிச் சட்டம்தான் அவருக்குத் தொல்லை கொடுத்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு, சின்னப் புத்தகம் ஒன்றும் கொடுப்போம். கல்வெட்டு என்பது அதன் பெயர். இறந்தவர் பிறந்த ஊர், பெற்றோர், கல்வி, உத்தியோகம், மக்கட்பேறு எல்லாம் அதில் பாட்டாக இருக்கும். சைவக்காரரின் வழக்கம்தான். ஆனால் வேதக்காரரான கிறிஸ்தவர்கள் நாங்களும் செபங்களை முன்னால் போட்டுவிட்டு, பின்னால் பாட்டு வேண்டும் என்று கேட்போம். பலெர்மோவில் யார் இறந்தாலும் அந்தப் பாட்டை ஆசிரியர்தான் எழுதினார். எந்தக் கூலியும் வாங்கமாட்டார். ஒரே நிபந்தனை, இறந்தவர் இங்கே உண்மையில் என்ன வேலை செய்தாரோ அதை எழுதுவார்.

அதற்குத்தான் ஒருவரும் சம்மதிப்பதில்லை. ஊரில் இருக்கிற சொந்தக்காரர் நாங்கள் இங்கே என்னவோ பெரிய கந்தோரில் உத்தியோகம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். நாங்களும் அந்த நினைப்பைக் கலைப்பதில்லை. இதுதான் எங்கள் சனத்தின் பிழை. உயிரோடு இருக்கும்போது செய்கிற வேலையைச் செத்த பிறகும் ஒளித்துவைக்கப் பார்ப்போம். ஒரு மகன் நான் உட்காருகிற அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்று ஆசிரியரோடு சண்டை பிடித்ததை நான் பார்த்தேன்.

"ஆசிரியர், என்ரை அப்பாவைக் கல்வெட்டிலை கோப்பை கழுவ விடுறியளோ?"

"நான் விடேல்லைத் தம்பி. இருபத்திரண்டு வருஷம் அவரே நிண்டு கழுவினவர்."

"உணவகத்திலை பணிபுரிந்தார் எண்டு போடுங்கோவன். அதுவும் உண்மைதானே?"

"உணவக முதலாளியும் உணவகத்திலைதான் பணிபுரியிறார். அவருக்கோ நாங்கள் கல்வெட்டு அடிக்கப் போறம்?"

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டு உள்ளபடியே அச்சானது. இப்படிச் சிரிப்போடு முடிந்தவை பல. சிரிப்பில் முடியாத ஒன்று வந்தது.

எங்கள் மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. ஒரேத்தோத் தெருவில் புருஷனோடும் நாலு வயது மகளோடும் குடியிருந்தாள். நல்ல வசதியான குடும்பம் ஒன்றில் நாலாம் மாடியில் வேலை. ஒப்பந்தம் ஒன்றும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் படியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, வீட்டுக்காரச் சிஞ்ஞோரா யன்னல் பலகைகளை வெளிப்பக்கமாத் துடைக்கச் சொல்லுறா. வெளியிலை யன்னல் விளிம்பிலை ஏறி நிண்டுதான் துடைக்கலாம். ஒரு கையாலை சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு, கீழை பாராமல், அருள்நிறை மரியே சொல்லிச் சொல்லித் துடைக்கிறன். எனக்குப் பயமாக் கிடக்கு."

அவளுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? பழமொழி சொன்னேன். "பொறுத்தார் பூமி ஆள்வார் பிள்ளை. வேலை கிடைக்கிறது கஷ்டம். கொஞ்சம் சமாளி." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டேன். மற்றவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காக இதை இங்கேயே எழுதிவிடுகிறேன். என் பங்கு இது. வாசகம் பொறுக்குகிறவளுக்கு வாய்க்குள் எப்போதும் ஒரு வாசகம் இருக்கும். அது சில நேரம் மற்றவரின் வாயை அடைக்கத்தான் உதவும்.

அடுத்த சனிக்கிழமை அவள் விழுந்தாள்.

அன்று மாலைக்குள் கதை மாறிவிட்டது. சிஞ்ஞோரா வீட்டார், "துடைக்கச் சொல்லவே இல்லை, தானாகத்தான் யன்னலுக்குப் போனாள், கொஞ்ச நாளாகவே முகம் சரியில்லை" என்றார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவருக்கு அந்தக் குடும்பத்தோடு நல்ல பழக்கம். அவர்களுடைய சொந்தக்காரர் வீடுகளில் எங்கள் ஆட்கள் பலருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர். தாயில்லாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த புருஷனிடம் அவர் போனார். வழக்கு என்று போனால் ஒப்பந்தம் இல்லாமல் வேலை செய்தது வெளியே வரும், பெர்மெஸ்ஸோவுக்கு ஆபத்து வரும், மற்ற ஆட்களின் வேலையும் போகும் என்று சொல்லிக்கொடுத்தார். குவெஸ்தூராவில் விசாரித்தபோது அந்த மனிதன், "அவ கொஞ்ச நாளாக் கவலையா இருந்தவ" என்று சொல்லிவிட்டு வந்தான். அதற்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஒரு வாரத்துக்குள் கோயில் வாசலில் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள்: அவள் குதித்தாளாம்.

 ஆசிரியர் தமக்குக் கிடைக்கிற வியாழக்கிழமை ஓய்வு நேரத்தில் அவள் விழுந்த தெருவுக்குப் போனார். நானும் போனேன். எதிர் நடைபாதையில் நின்று அந்த யன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டடத்தின் வாசற்காவற்காரரிடம் போய், தம் ஓட்டை இத்தாலியனில், மரியாதையாகக் கேட்டார். காவற்காரர் வயதானவர். முதலில் தெரியாது என்று தலையை அசைத்துவிட்டார். ஆசிரியர் போகவில்லை, பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்துகொண்டார். ஒரு மணித்தியாலம் கழித்துக் காவற்காரரே வாய் திறந்தார். சனிக்கிழமை தோறும் அவள் யன்னலின் வெளி விளிம்பில் நிற்பதைத் தாம் கண்டதாகவும், இது சரியில்லை என்று சிஞ்ஞோராவிடம் சொன்னதாகவும், 'அவள் இறகு மாதிரி, ஒன்றும் ஆகாது' என்று சிஞ்ஞோரா சிரித்ததாகவும் சொன்னார். விழுந்த அன்று அவள் கையில் ஈரத்துணி இருந்தது என்றும் சொன்னார்.

"குதிக்கப் போற ஆள் துணியை நனைச்சுப் பிழிஞ்சுகொண்டு போகாது தங்கச்சி" என்றார் ஆசிரியர், திரும்பி வரும் வழியில். 

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு எழுதினார். அவளுடைய ஊர், தாய் தகப்பன், கலியாணம் எல்லாம் வழமைபோலவே இருந்தன. கடைசி எட்டு வரியில் அவள் எப்படி இறந்தாள் என்பது இருந்தது. சங்கத் தலைவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊரிலிருந்து வேறொரு பாட்டை எடுப்பித்து அச்சடித்தார். அதில் அவள் 'திடீர் சுகவீனத்தால் இறைவனடி சேர்ந்தாள்'. ஆசிரியர் புருஷனைத் தேடிப் போய்க் கேட்டார். அவன் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"நான் சொல்ல ஏலாது ஆசிரியர்" என்றான். "சொல்லிப்போட்டு இஞ்சை இருக்க ஏலாது. ஆனால் நீங்கள் எழுதினால் மறிக்கமாட்டன்."

அந்த மாதப் பத்திரிகையில் கடைசிப் பக்கம் முழுக்க அந்தக் கல்வெட்டு வந்தது. கீழே தெருவின் பெயரும் கட்டட இலக்கமும் காவற்காரர் சொன்ன சொல்லும். கவிதைக்கும் விலாசம் வேணும் என்றவர் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் மேசையில் நான்தான் பத்திரிகையை வைத்தேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. இவ்வளவு பேர் எடுத்திருக்கிறார்களே என்று நான் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் முழுக் கட்டையும் கண்டேன். மடிப்புக்கூடக் கலையவில்லை. மளிகைக் கடைகளிலிருந்தும் அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். யாரோ சட்டத்தரணி வீட்டுக்குத் தொலைபேசியில் கதைத்தார்கள். பத்து வருஷம் கிழவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய மனிதரிடம், மாத முடிவோடு வரவேண்டாம் என்று சொன்னார்கள். தங்கியிருந்ததும் அந்த வீட்டில்தான். வேலையும் கூரையும் ஒன்றாகப் போயின. பத்திரிகை அதோடு நின்றது.

பிறகு அல்பெர்கேரியாவில் ஓர் அறை. சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கினார். வயது போனபோது பெட்டியும் தூக்க முடியவில்லை. சந்தைக்கு வருகிற எங்கள் ஆட்கள் அவரைக் கண்டால் மறுபக்கம் போய் மரக்கறி வாங்குவார்கள். அவர் அதற்கும் சிரிப்பார். "என்னாலை அந்தப் பக்கத்துக் கடைக்காரனுக்கு நல்ல வியாபாரம்." நானும் என் புருஷனும் போய் வருவோம். இன்னும் இரண்டு மூன்று பேர் வருவார்கள். இருபது வருஷம் அப்படிப் போனது. இந்த மாரிகாலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவர்தான்.

இறந்த மறுநாள் பாருங்கள், எத்தனை பேருக்கு அவர் உறவு. பெட்டியைத் தூக்கத் தோள்கள் போட்டியிட்டன. உயிரோடு இருந்தபோது அந்தத் தோள்களில் ஒன்றாவது ஒரு மரக்கறிப் பெட்டிக்கு வந்திருந்தால் அவர் முதுகு இன்னும் கொஞ்சக் காலம் நிமிர்ந்திருக்கும். இருபது வருஷம் அவரோடு பேசாத அதே தலைவர், கல்லறையில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'எமது சங்கத்தின் அணையா விளக்கு' என்றார். ஊதி அணைத்த வாய்தான் அது.

கவிதைகளைப் புத்தகமாகப் போடப் போகிறோம் என்று தலைவரே என் வீட்டுக்கு வந்தார். "பழைய பேப்பர் எல்லாம் உங்களிட்டைத்தானே அக்கா கிடக்கு." பழைய இதழ்களை அடுக்கி வைத்திருந்த சூட்கேசோடு கொடுத்தேன். எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், ஆசை இருந்தது. மனிதர் மாறமாட்டாரா என்ற ஆசை. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு புத்தகம் கைக்கு வந்தது. வழவழப்பான தாள். கோப்பை கழுவியவரின் பாட்டு இருந்தது. யன்னல் துடைத்தவளின் பாட்டு இல்லை. திரும்பி வந்த சூட்கேசில் அந்த ஓர் இதழும் இல்லை.

தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, இது நினைவு மலர். சண்டை மலர் இல்லை."

"அவர் சோறு இழந்தது அந்தப் பாட்டாலை தம்பி. அதை விட்டுப்போட்டு அவரை எப்பிடி நினைக்கிறது?"

"அந்தப் பிள்ளையின்ரை மகள் இப்ப வளந்திட்டாள். அவளின்ரை மனம் நோகும். அதையும் யோசிக்க வேணுமல்லோ."

இந்த இடத்தில்தான் எனக்கு இரத்தம் கொதித்தது. தாயைப் பற்றிய பொய்யை உண்டாக்கியவர், அந்தப் பொய்யைக் காப்பாற்ற மகளின் மனத்தைக் கேடயமாகப் பிடிக்கிறார். அதோடு இன்னொன்றும் உறைத்தது. அந்த மகளிடம் இருபது வருஷமாக நானும் ஒன்றும் சொன்னதில்லை. தகப்பன் "வளரட்டும் அக்கா" என்று கேட்டுக்கொண்டான், சரி. அவள் வளர்ந்தாள். தகப்பன் ஊருக்கே திரும்பிப் போய்விட்டான். அதன் பிறகும் நான் என் பழமொழியை நினைத்து வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் தந்த இரண்டாவது பிரதி என் அலுமாரியில் இருந்தது. ஒண்டு வாசிக்க, ஒண்டு வைச்சிருக்க. அதை எடுத்துக்கொண்டு வியா மக்வேதாவுக்குப் போனேன். அவள் அங்கே ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மத்தியானம் கடை சாத்துகிற நேரத்தில் வெளியே வந்தாள். இரண்டு பேரும் பக்கத்துக் கோப்பிப் பாரில் உட்கார்ந்தோம். முதலில் கோயில் படியில் நான் அவள் தாய்க்குச் சொன்னதைச் சொன்னேன். அவள் கோப்பியைத் தொடவில்லை.

"அன்ரி, பள்ளிக்கூடத்திலை எங்கடை பிள்ளையளே எனக்குச் சொன்னவை, அம்மா குதிச்சவ எண்டு" என்றாள். சிசிலிக்காரர் மாதிரி இழுத்து இழுத்துத்தான் தமிழ் வரும் அவளுக்கு. "அப்பாட்டைக் கேட்டனான். சுகமில்லாமல் செத்தவ எண்டார். அல்லோரா, அப்ப நான் யோசிச்சன், அப்பா எனக்காகப் பொய் சொல்லுறார். என்னை வைச்சிருக்க விருப்பமில்லாமல்தான் அம்மா போனவ எண்டு."

நான் தாளை விரித்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துப் படித்தவள்தான், ஆனாலும் மெதுவாகத்தான் வரும். "நீங்கள் வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன்.

நாலாம் மாடி யன்னலின் வெளியே
ஏறித் துடையென, ஏறித் துடைத்தாள்;
பிடிக்கக் கொடுத்தது கயிறும் அல்ல,
பழைய சட்டத்தின் ஓரம் மட்டும்.
மயங்கவும் இல்லை, குதிக்கவும் இல்லை;
வேலைக்குப் போனாள், வேலையில் இறந்தாள்.
மாலை உன்னிடம் வரவிருந் தாள்காண்,
மகளே, இதனை வளர்ந்தபின் வாசி.

அவள் அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை. "கடைசி ரெண்டு வரி திரும்ப" என்றாள். திரும்ப வாசித்தேன். தாளைத் தன் பக்கம் இழுத்து, விரலை எழுத்தின் மேல் வைத்து, தானாக ஒருமுறை வாசித்தாள். பிறகு கைபேசியை எடுத்துப் பக்கத்தை முழுதாகப் படம் பிடித்தாள். "விழா எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. என்னை மேடையில் இருத்தியிருந்தார்கள், பழைய பத்திரிகையில் எழுதியவள் என்று. வந்தவர்கள் எல்லார் கையிலும் புத்தகம். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து நெடுநேரம் பேசினார். "உண்மைக்கு அஞ்சாதவர் எங்கள் ஆசிரியர்" என்றார். கைதட்டினார்கள். "எவருக்காகவும் ஒரு வரியை மாற்றாதவர்" என்றார். அதற்கும் தட்டினார்கள். மேடையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் ஒருவருடைய மடியில் கைபேசி ஒளிர்ந்தது. அடுத்து அவருக்குப் பக்கத்தில். பிறகு பின்வரிசையில் நாலைந்து, நடுவில் பத்துப் பதினைந்து. எங்கள் பங்குச் சனம் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. தலைவருடைய சட்டைப்பையும் ஒளிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச முயன்றார். விட்ட இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கடைசி வரிசையில் அவள் எழுந்து நின்றாள். கடையின் சீருடையோடே வந்திருந்தாள்.

"தலைவர் அங்கிள், இது என்ரை அம்மாவின்ரை பாட்டு. புத்தகத்திலை எத்தினையாம் பக்கம்?"

"பிள்ளை, அதைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றார் அவர்.

"நம்பர் மட்டும் சொல்லுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் பங்குத்தந்தையைப் பார்த்தார். பங்குத்தந்தை இத்தாலியர்; என்ன நடக்கிறது என்று என்னைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு வயதான மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, "இருக்கும் பிள்ளை, இருக்கும், பொறு" என்று தாளைப் புரட்டத் தொடங்கினார். அவருக்குப் பக்கத்திலிருந்த பெண்ணும் திறந்தாள். பின்னால் இருந்தவர்களும் திறந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுவதும் தாள் புரளும் சத்தம்தான். முன்னிருந்து பின்னாகப் பார்த்து முடித்தவர்கள் பின்னிருந்து முன்னாகப் பார்த்தார்கள். தலைவர் ஒலிவாங்கிக்கு முன்னால் அப்படியே நின்றார். அவள் உட்காரவில்லை. ஒருவரும் தேடுவதை நிறுத்தவில்லை.